வெள்ளைச் சாலைகளின் மௌனம்

பிரான்ஸ், மிதிவண்டி என்னும் இரு சொற்களும் சேர்ந்து வரும்போது நம்மில் பெரும்பாலோரின் நினைவில் எழுவது ஜூலை மாதத்துத் தொலைக்காட்சிக் காட்சிதான். மஞ்சள் சட்டை, மூச்சிரைக்கும் மலையேற்றம், இருமருங்கும் கூச்சலிடும் கூட்டம், தலைக்குமேல் ஹெலிகாப்டர். ஒரு நாளிதழ் தன் விற்பனையைப் பெருக்க 1903-இல் தொடங்கிய போட்டி அது. அந்த முதல் ஆண்டில் ஆறு கட்டங்களாக 2,428 கிலோமீட்டர் ஓட்டினார்கள். ஆனால் அதே நாட்டில் மிதிவண்டிக்கு இன்னொரு மரபும் உண்டு. அதற்குக் கூட்டமில்லை, கடிகாரமில்லை, கோப்பையுமில்லை. ஓசையற்ற அந்த மரபைப் பற்றியும், அதன் ஓசையின்மைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றியும்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

இம்மரபின் தந்தை என்று போற்றப்படுபவர் சேந்த்-எத்தியன் நகரத்துப் பொல் த விவி (1853–1930). 'வெலோசியோ' என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். 'ல சிக்லிஸ்த்' என்ற இதழை நடத்தியவர். பல கியர்கள் கொண்ட வண்டியிருந்தால் சாதாரண மனிதனும் மலைகளைக் கடந்து ஊர் பார்க்க முடியும் என்று ஓயாமல் வாதிட்டவர். தூர் த பிரான்ஸ் போட்டியை நடத்திய ஆன்ரி தெக்ராஞ்சின் பார்வை இதற்கு நேரெதிரானது. வீரனை அளப்பது தசைதானே தவிர இயந்திரமல்ல என்பது அவர் கட்சி. 1937 வரை அப்போட்டியில் கியர் மாற்றும் கருவிக்கு இடமில்லாமல் போனது அதனால்தான். ஒருவருக்குச் சாலை என்பது களம். மற்றவருக்கு அது வாசிக்கவேண்டிய ஒரு நூல்.

அந்த நூலின் பொருளடக்கம் மிஷ்லின் நிறுவனத்தின் வரைபடம். அதில் பெருஞ்சாலைகள் சிவப்பிலும், அடுத்த நிலைச் சாலைகள் மஞ்சளிலும், மிகச் சிறியவை வெள்ளையிலும் குறிக்கப்பட்டிருக்கும். இயற்கை வனப்புள்ள பகுதிகளில் சாலையை ஒட்டி ஒரு பச்சைக் கோடு ஓடும். செங்குத்தான ஏற்றங்களை அம்புத்தலைகள் காட்டும். அனுபவமுள்ள மிதிவண்டிப் பயணி சிவப்பைத் தவிர்ப்பான், மஞ்சளைப் பொறுத்துக்கொள்வான், வெள்ளையைத் தேடுவான். வெள்ளைச் சாலையில் காலையிலிருந்து மதியம்வரை நான்கைந்து வாகனங்களை மட்டுமே சந்திக்கும் நாள்கள் உண்டு. தார் வழவழப்பாக இருக்கும். ஒவ்வொரு சந்திப்பிலும் ஊர்ப்பெயர்ப் பலகை நிற்கும். ஆள் மட்டும் இருக்கமாட்டார்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. ஆளே இல்லாத இடத்தில் இத்தனை சாலைகள் எதற்காக?

விடை 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. 1836 மே 21-ஆம் நாளின் சட்டம் ஊர்ச்சாலைகளைப் பேணும் பொறுப்பை ஒவ்வொரு கிராம நிர்வாகத்தின் மீதும் கட்டாயமாகச் சுமத்தியது. வரிப்பணத்தாலும், பணம் இல்லாதவர்களின் உடலுழைப்பாலும் அந்தச் சாலைகள் உருவாயின. கிராமத்திலிருந்து சந்தைக்கு, ஆலயத்துக்கு, ஆலைக்கு, அடுத்த கிராமத்துக்கு என்று அவை கிளைத்தன. இன்று பிரான்சின் சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர். அதில் சுமார் 3.8 லட்சம் மாவட்ட நிர்வாகங்களுடையது. சுமார் 7 லட்சம் கிராம, நகர நிர்வாகங்களுடையது. நாம் 'அமைதியான பாதை' என்று புகழ்வது பெரும்பாலும் இந்த வலையின் மெல்லிய இழைகளைத்தான். அவை மிதிவண்டிக்காரர்களுக்காகப் போடப்பட்டவையல்ல. மாட்டு வண்டிகளும் குதிரைகளும் நெருக்கியடித்துச் சென்ற பாதைகள் அவை.

அந்த நெருக்கம் எங்கே போயிற்று என்பதற்குக் க்ரூஸ் மாவட்டம் ஓர் எடுத்துக்காட்டு. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள இம்மாவட்டத்தில் 1851-இல் 2.8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். இன்று 1.2 லட்சத்துக்கும் குறைவு. இங்குள்ள ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்து வேலைக்குப் பாரிஸ் சென்றவர்கள். வசந்தத்தில் கிளம்பிப் பனிக்காலத்தில் திரும்புவார்கள். இரயில் வருவதற்கு முன்பு பாதி நாட்டைக் கால்நடையாகவே கடந்தவர்கள். அப்படிச் சென்ற மார்த்தான் நதோ (1815–1898) என்ற கொத்தனார் பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். நாம் படங்களில் கண்டு வியக்கும் பாரிஸின் அகன்ற வீதிகளில் இம்மனிதர்களின் கைரேகை இருக்கிறது. காலப்போக்கில் திரும்பி வருவது குறைந்தது. குடும்பங்களும் பாரிஸோடு சேர்ந்துகொண்டன.

போனவர்கள் எல்லோரும் பிழைக்கப் போனவர்களும் அல்லர். ஒபுஸோன் என்ற ஊர் இம்மாவட்டத்தில் இருக்கிறது. நூற்றாண்டுகளாகச் சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் ஊர். அங்கிருந்து தெற்கே ஃபெல்தான் வழியாக மில்வாஷ் பீடபூமிக்கு ஏறும் சிறு சாலைகள் மிதிவண்டிப் பயணிகளுக்கு உகந்தவை. அந்த வழியில் ஜான்தியூ என்ற சிற்றூர் வரும். பிரான்சின் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் முதல் உலகப்போரில் மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. பெரும்பாலானவற்றில் வெற்றியும் தியாகமும் பேசப்படும். ஜான்தியூவில் ஒரு சிறுவன் நிற்கிறான். பள்ளிச் சீருடையணிந்த அநாதைச் சிறுவன். பெயர்ப்பட்டியலுக்குக் கீழே போரைச் சபிக்கும் ஒரு வாசகத்தை நோக்கி முட்டியை உயர்த்துகிறான். 1922-இல் எழுப்பப்பட்ட இந்தச் சின்னத்தை அரசு நெடுங்காலம் முறைப்படி திறந்து வைக்கவில்லை. அதில் செதுக்கியிருக்கும் பெயர்களைப் படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தால், சாலை ஏன் இத்தனை அமைதியாக இருக்கிறது என்று வேறு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு வரும் காடும் அப்படித்தான். ஊசியிலை மரங்களின் நிழலில் குளிர்ந்த காற்றோடு செல்லும்போது, இது ஆதி வனம் என்றே மனம் நம்பிவிடும். உண்மையில் இந்தப் பீடபூமி முன்பு ஆடுகள் மேய்ந்த வெட்டவெளி. மேய்ப்பர்கள் போன பிறகு, பெரும்பாலும் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர், நிலவுடைமையாளர்கள் மரங்களை நட்டார்கள். வரிசை வரிசையாக நிற்கும் மரங்களே அதற்குச் சாட்சி. ஆக, இயற்கையின் மௌனம் என்று நாம் நினைப்பது மனிதர்கள் விட்டுச்சென்ற மௌனம்.

இதையெல்லாம் சொல்வது மிதிவண்டிப் பயணத்தின் இன்பத்தைக் குலைப்பதற்காக அன்று. எந்தப் பாதையில் செல்வது என்ற தேர்வில் ஓர் அறமும் இருக்கிறது என்று காட்டத்தான். கடந்த முப்பது ஆண்டுகளில் பிரான்சில் மிதிவண்டிக்கென்றே தனிப்பாதைகள் பெருகியுள்ளன. 1997-இல் புர்கோஞ் பகுதியில் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை, கைவிடப்பட்ட இரயில் தடத்தின் மீது முதல் 'பசுமைப் பாதை' திறக்கப்பட்டது. லுவார் ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு ஒரு பாதை ஓடுகிறது. துலூஸிலிருந்து கிளம்பும் மிதி கால்வாய் 1681-இல் திறக்கப்பட்டது. 1996-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. அதன் கரையும் புகழ்பெற்ற வழி. குழந்தைகளோடு செல்பவர்களுக்கும் முதியவர்களுக்கும் இவை பெரும் வரம். இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் இரயில் தடம் கிராமங்களின் முதுகைத் தொட்டுச் செல்வது. கால்வாய்க் கரை தண்ணீரின் போக்கில் செல்வது. வெள்ளைச் சாலையோ நேராக ஊரின் நடுவே, ஆலயத்துக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் இடையே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும். தனிப்பாதையில் செல்பவன் நிலக்காட்சியைப் பார்க்கிறான். ஊர்ச்சாலையில் செல்பவன் ஊரைப் பார்க்கிறான். உடல்வலுவும் ஓரளவு சாலைப்பழக்கமும் உள்ளவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிறர் ஊரின் தேய்மானத்தைச் சுற்றுலாவாக ரசிப்பது ஒருவகை நாகரிகமான குரூரம் அல்லவா? மூடிய பள்ளியின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு, 'என்ன அமைதி!' என்று எழுதுவது அழகா? அழகில்லைதான். ஆனால் அந்தக் குற்றத்துக்கு மாற்று, வராமல் இருப்பதன்று, நின்று போவது. 1960-களில் பிரான்சில் சுமார் இரண்டு லட்சம் காபிக் கடைகள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. இன்று நாற்பதாயிரம் அளவில்தான் எஞ்சியிருக்கின்றன. காரில் வருபவன் நகரத்துப் பேரங்காடியில் எல்லாவற்றையும் வாங்கி நிரப்பிக்கொண்டு கிராமத்தை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவான். மிதிவண்டியில் வருபவனுக்குப் பசிக்கும். எதையும் அதிகமாகச் சுமக்கவும் முடியாது. அவனுடைய இந்த இயலாமைதான் கிராமத்து ரொட்டிக்கடைக்கு அவன் தரும் மரியாதை.

மேலும், கதை முடிந்துவிடவும் இல்லை. ஜான்தியூவுக்கு அருகிலுள்ள ஃபோ-லா-மோந்தாஞ் என்ற ஊரில் 1988-இல் சில இளைஞர்கள் குடியேறி, எல்லோரும் கூட்டாக நிர்வகிக்கும் ஒரு மர அறுவை ஆலையைத் தொடங்கினார்கள். அதையொட்டி மேலும் பலர் வந்தார்கள். மேய்ப்பர்கள் விட்டுப்போன நிலத்தில் வளர்ந்த மரமே மனிதர்களைத் திரும்ப அழைத்து வந்திருக்கிறது. அங்கே மரம் ஏற்றிவரும் லாரி நம்மை உரசாத குறையாகக் கடக்கும்போது எரிச்சல் வரலாம். ஆனால் அந்த ஓசை ஊர் உயிரோடிருப்பதன் அடையாளம்.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரையிலும், பல ஊர்களில் திங்கட்கிழமை முழுவதும் கடைகள் மூடியிருக்கும். குடிநீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்ற பலகை இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும் வாகனம் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடவேண்டும் என்பது சட்டம். இருவழிச் சாலைகளின் வேக வரம்பு 2018 ஜூலையில் மணிக்கு 90-இலிருந்து 80 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. பின்னர் மாவட்டங்களுக்கு விலக்கு அளிக்கும் உரிமை தரப்பட்டதால், சில மாவட்டங்களில் பல சாலைகள் 90-க்கே திரும்பிவிட்டன. சாலையின் அமைதி யாரோ எங்கோ எடுக்கும் முடிவுகளாலும் ஆனது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம்மில் யாராவது என்றேனும் அந்த வெள்ளைக் கோடுகளில் ஒன்றின்மீது மிதித்துச் செல்லக்கூடும். அப்போது கல்லில் செதுக்கிய பெயர்களில் ஒன்றிரண்டையாவது வாய்விட்டுப் படியுங்கள். அடுத்த கடையில் நின்று ஒரு ரொட்டி வாங்குங்கள். கடைக்காரருக்கு வணக்கம் சொல்லுங்கள்.