மலைப்பாதையும் கடைவீதியும்

கரடான மலைப்பாதைக்கும் நித்திய காரியங்களுக்கும் ஒரே வண்டி போதுமா என வினவுவோர் பலர். 2020-ல் வெளிவந்த மஹிந்திராவின் மூன்று கதவுத் தார் தரையினின்று 226 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பது. அதன் டீசல் எஞ்சின் செங்குத்தான ஏற்றத்திற்கு உகந்தது. 2023-ல் இங்கு வந்த மாருதியின் ஜிம்னிக்கு அவ்வுயரம் 210 தான். ஆயினும் எடை சுமார் 1,200 கிலோவே; சேற்றில் எளிதில் அமிழாது. முன்னாசனத்தை மடக்கித் தாரின் பின்புறம் ஏறுதல் முதியோருக்குத் தினந்தோறும் உபத்திரவம். ஜிம்னிக்கோ ஐந்து கதவுகள். வருஷத்தில் பெரும்பகுதியும் கடைவீதியில் ஓடவேண்டிய வண்டியைச் சிலநாள் மலையேற்றத்தைக் கருதித் தேர்வது விவேகமன்று; குடும்பஸ்தர்க்கு ஜிம்னியே ஏற்றதென்பது நமது துணிபு. தாரையே விரும்புவோர் ஒன்றை மறவாதிருப்பாராக: பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் தாரும் 2023-ல் விற்பனைக்கு வந்தது. பெயரை நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மலைச்சேற்றில் நின்று வருந்துவதிற் பயனில்லை.