அளந்த பின் அகலமாக்குவோம்

கல்லூரித் தாய்க்கு விழாவெடுக்கும் இவ்வாண்டில், பழைய மாணவர் பலர் தாம் பயின்ற இடத்துக்குத் தம்மால் இயன்றதைச் செய்ய முன்வந்துள்ளனர். மண்டபத்துக்குக் கூரை, விளையாட்டிடத்துக்கு மதில், நூலகத்துக்கு அலுமாரி என வந்த விருப்பங்களுள், இணைய இணைப்பை இன்னும் அகலமானதாக மாற்றித் தருவோம் என்பதும் ஒன்று. எண்ணம் நல்லதே. கணினிக் கூடத்தில் நாற்பது மாணவர் ஒருங்கே அமர்ந்தால், ஒரு பக்கம் திறப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடுகின்றது என்னும் முறைப்பாட்டைப் பொய்யென்று எவரும் சொல்லார். ஆயினும், அந்நிதியிலிருந்து ஒரு சதமேனும் எடுக்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. இப்போதுள்ள இணைப்பின் வழியே எவ்வளவு வருகின்றது, எவ்வளவு செல்கின்றது, எந்த வேளையில் நெருக்கடி உண்டாகின்றது என்பவற்றை ஒரு தவணைக் காலம் முழுவதும் அளந்து பார்த்தல் வேண்டும். அளப்பதற்குரிய மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. பழைய கணினி ஒன்றே அதற்குப் போதும்.

தமிழாசிரியன் ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று எண்ணி எண்ணியே வயிறு வளர்ப்பவன் நான். செய்யுளில் ஓசை தட்டுகின்றது என்று ஒரு மாணவன் சொன்னால், எந்தச் சீரில் தட்டுகின்றது, அலகிட்டுக் காட்டு என்று கேட்பதே எங்கள் வழக்கம். அதே கேள்வியைத்தான் இங்கும் கேட்கின்றேன்.

இப்பொழுது நடப்பதோ வேறு. இணைப்புப் போதாது என்கின்றது கணினிக் கூடம். மாணவர் படம் பார்ப்பதனால் வந்த வினை என்கின்றது அலுவலகம். அலுவலகத்துக் கணினிகளே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்கின்றன என்கின்றனர் மாணவர். இணைப்பை வழங்கும் நிறுவனத்தாரைக் கேட்டால், எங்கள் பக்கத்தில் யாதொரு குறையுமில்லை என்று மறுமொழி வருகின்றது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்று வழக்குகளை அறிந்தவர்க்கு இந்நிலை புதிதாகத் தோன்றாது. இறைப்பு முறையை எவரும் குறித்துவைக்காத இடத்தில், உரத்துப் பேசுபவன் பக்கமே தண்ணீர் பாயும்.

இதே நிலைமையிலிருந்துதான் நான் குறிப்பிடும் மென்பொருளும் பிறந்தது. 1994 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரத்திலுள்ள டி மொன்ட்போர்ட் பல்கலைக்கழகத்தில் தோபியாஸ் ஓற்றிக்கர் என்னும் சுவிஸ் நாட்டவர் பணியாற்றினார். அப்போது அவருடைய பணியிடத்துக்கு வெளியுலகோடு இருந்த இணைப்பு ஒன்றே. அதன் வேகம் செக்கனுக்கு 64 கிலோபிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: அவ்விணைப்பு முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓடினாலும் 24 இலட்சம் பைற்றுக்கு மேல் கொண்டுவரமாட்டாது. இன்று நம் மாணவன் கைத்தொலைபேசியிற் பிடிக்கும் ஒரு நிழற்படமே ஏறத்தாழ அவ்வளவு கனமுடையது! அத்தகைய ஒற்றையடிப் பாதை எவ்வாறு நடக்கின்றதென்று அறிய எல்லாரும் அவாவினர். அவர் அதற்கெனச் சிறு நிரல் ஒன்றை எழுதினார். இணைப்பின் சுமையை இடைவிடாது வரைபாக வரைந்து எல்லாரும் பார்க்கும்படி வைப்பது அதன் வேலை. பேர்ள் என்னும் நிரன்மொழியில் அமைந்த அதனை 1995 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் எம்.ஆர்.ரி.ஜி. என்னும் பெயரால் உலகுக்கு விடுத்தார்.

அதன் பின் நடந்தது இன்னும் சுவையானது. அவர் அப்பணியை விட்டுச் சூரிச் நகரத்துத் தொழினுட்பப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். நேரமின்மையால் மென்பொருளும் மூலையில் கிடந்தது. 1996 ஆம் ஆண்டு தை மாதத்தில் டேவ் ராண்ட் என்பார், இது ஏன் இத்துணை மெதுவாக இயங்குகின்றது என வினவி ஒரு மின்னஞ்சல் எழுதினார். கடிதங்கள் சில சென்று வந்தன. வினவியவரே மெதுவான பகுதியை சீ மொழியில் புதிதாக எழுதி அனுப்பினார். வேகம் நாற்பது மடங்கு கூடிற்று. மூலநிரலைப் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? குறை கண்டவர் குறைகூறிக்கொண்டே இருந்திருப்பார். எழுதியவர் மறந்தே போயிருப்பார்.

இனி, அது தொழிற்படும் முறையைச் சுருங்கச் சொல்வேன். நம் கல்லூரிக்கும் வெளியுலகுக்கும் இடையில் வாயிற்காவலன் போல நிற்கும் ரவுட்டர் என்னும் வழிப்படுத்தி, தன் வழியே சென்ற பைற்றுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். மோட்டார் வண்டியின் மைல் காட்டியைப் போல அவ்வெண் ஏறிக்கொண்டே போகும். 1988 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறைப்படி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இம்மென்பொருள் வழிப்படுத்தியை அணுகி, இப்போது எண் யாது என்று கேட்கும். முன்னைய எண்ணைக் கழித்து, 300 செக்கனால் வகுத்தால் அவ்வேளையின் வேகம் கிடைக்கும். நாளொன்றுக்கு 288 முறை இவ்வினா நிகழும். உள்வருவது பச்சை நிறப் பரப்பாகவும், வெளிச்செல்வது நீல நிறக் கோடாகவும், நாள், கிழமை, மாதம், ஆண்டு என நான்கு வரைபுகளில் விழும். இதில் நான்காம் வகுப்பு மாணவனுக்கு விளங்காத கணிதம் யாதொன்றும் இல்லை.

நான் வியந்தது அதன் மறதியை. நேற்றைய கணக்கை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக வைத்திருக்கும் அம்மென்பொருள், கிழமைக் கணக்கை அரைமணிச் சராசரியாகவும், மாதக் கணக்கை இரண்டு மணிச் சராசரியாகவும், ஆண்டுக் கணக்கை நாட் சராசரியாகவும் சுருக்கிக்கொள்ளும். ஆகவே ஆண்டுகள் பல சென்றாலும் ஏடு பெருப்பதில்லை. பழைய கணினியின் சிறிய வட்டு நிறைந்துவிடுமோ என்னும் அச்சமும் இல்லை. இம்முறையையே தனியே பிரித்து விரித்து, 1999 ஆம் ஆண்டில் ஆர்.ஆர்.டி. ரூல் என்னும் கருவியாக அவரே வெளியிட்டார். பின்னர் வந்த காக்ரை முதலிய பல கட்டற்ற மென்பொருள்கள் இக்கருவியின் மேல் எழுந்தவையே. அவை அழகாலும் வசதியாலும் மூத்ததை விஞ்சியவை. எனினும், கற்கத் தொடங்கும் ஒரு பாடசாலைக்கு மூத்ததன் எளிமையே ஏற்றது என்பது என் துணிபு.

சராசரியிற் பொதிந்துள்ள பொய்யையும் மாணவர் இங்கேயே கற்றுக்கொள்ளலாம். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை இணைப்பு முற்றாக நிறைந்து, மிகுதி 22 மணி நேரமும் சும்மா கிடந்தால், ஆண்டு வரைபில் அந்நாள் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுமையாகவே தோன்றும். அதனைப் பார்த்த ஆட்சிக்குழுவினர், இவ்வளவு இடம் மிஞ்சியிருக்க இன்னும் அகலமான இணைப்பு எதற்கு என்று கேட்பர். கணினிக் கூடத்தில் அந்த இரண்டு மணி நேரமும் நாற்பது பிள்ளைகள் வாய் பார்த்திருந்தமை அவ்வரைபில் இராது. சராசரியோடு உச்சத்தையும் வரையும்படி மென்பொருளுக்குக் கட்டளையிட இடமுண்டு. கட்டாயம் இடுதல் வேண்டும்.

மற்றுமொரு நுட்பம். பழைய வழிப்படுத்திகளின் எண்ணி 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம் வரை எண்ணி, மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பும். செக்கனுக்கு 100 மெகாபிற்று வேகத்தில் அது நிறைய ஆறு நிமிடமும் ஆகாது. அதன் பதின்மடங்கு வேகத்தில் 34 செக்கனே போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவன் அதற்குள் எண்ணி எத்தனை முறை சுழன்றதென்று எவ்வாறு அறிவான்? ஆதலின் வேகமான இணைப்புகளுக்கு 64 பிற்று எண்ணியையே கேட்டு வாங்குதல் வேண்டும். வீட்டுப் பாவனைக்குரிய மலிவான பெட்டிகள் சில, எவ்வினாவுக்கும் விடையளிப்பதில்லை. நம்முடையது அவ்வாறாயின், விடையளிக்கும் பெட்டி ஒன்றை வாங்குவதே முதற் செலவாகட்டும்.

இணைப்பை அகலமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர்க்கு ஒரு செய்தி. 1986 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், அமெரிக்காவின் பேர்க்லி நகரத்தில், லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 யார் தூரத்தில் இருந்த வலையமைப்பின் வேகம், செக்கனுக்கு 32,000 பிற்றிலிருந்து 40 பிற்றுக்கு வீழ்ந்தது. வான் ஜேக்கப்சன் என்னும் அறிஞர் காரணத்தை ஆராய்ந்தார். நெருக்கடி நேர்ந்தபோது, அனுப்பியவற்றையே மீண்டும் மீண்டும் அனுப்பிக் கணினிகளே நெருக்கடியைப் பெருக்கியமை புலனாயிற்று. அவரும் துணைவரும் வகுத்த அடக்கமுறை 1988 இல் வெளிவந்தது. கணினிகள் தம் வேகத்தைத் தாமே தணித்துக்கொள்ளக் கற்றன. நம் கல்லூரியிலும், பழுதான ஒரு கம்பியோ, பாடவேளையிற் பார்த்து எல்லாக் கணினிகளும் ஒருசேரத் தம்மைப் புதுப்பிக்க முயல்வதோ இடர்ப்பாட்டுக்குக் காரணமாயிருக்கலாம். வரைபைப் பார்த்தால், எந்த மணியில் தேடவேண்டும் என்பதாவது தெரியவரும்.

இலவசமாகக் கிடைப்பது எவ்வாறு நம்பத்தக்கதாகும் என்று கேட்போரும் உளர். இலவசம் என்னும் சொல் இங்கே பொருத்தமற்றது. 1945 முதல் இலவசக் கல்வியால் வளர்ந்தவர்கள் நாம். அச்சொல் நமக்கு நன்றிக்குரியது. எனினும் இம்மென்பொருளின் சிறப்பு விலையின்மையோடு நிற்பதன்று. இதனை இயக்கவும், உள்ளே திறந்து படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் இதன் உரிமப் பத்திரம் இடங்கொடுக்கின்றது. ஆதலாற் கட்டற்ற மென்பொருள் என்பதே தக்க பெயர். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் கடல்கோள் நிகழ்ந்தபின், நிவாரணப் பணிக்கென நம் நாட்டில் ஆக்கப்பட்ட சகானா என்னும் மென்பொருளும் இவ்வகையினதே. அடுத்த ஆண்டில் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் அது பயன்பட்டது. பக்கத் தலைப்புகளையும் குறிப்புகளையும் தமிழில் எழுதிக்கொள்ள எவருடைய அனுமதியும் வேண்டா. உள்வரவு, வெளிச்செலவு, உச்சம், சராசரி என நம் மாணவரே எழுதட்டும். கலைச்சொற் குழுக்கள் கூடி முடிவுசெய்யும்வரை காத்திருப்பானேன்? (அக்குழுக்களில் தேநீர் அருந்திய அனுபவம் எனக்கும் உண்டு.)

ஈண்டு ஒன்றை வற்புறுத்திக் கூறுவேன். எண்ணுவது வேறு, ஒட்டுக்கேட்பது வேறு. மேற்கூறிய மென்பொருள், சென்ற மூட்டைகளின் கனத்தைக் குறிக்கும், மூட்டையை அவிழ்க்காது. அவிழ்த்துப் பார்க்கும் கட்டற்ற மென்பொருளும் உண்டு. 1998 இல் ஈதரியல் என்னும் பெயரோடு தோன்றி, 2006 முதல் வயர்ஷார்க் என வழங்குவது அவற்றுட் புகழ்பெற்றது. பழுது தேடும் வல்லுநர்க்கு அது இன்றியமையாத கருவி, மறுக்கவில்லை. இக்காலத்திற் பெரும்பாலான செய்திகள் மறைகுறியாக்கப்பட்டுச் செல்வதால் உள்ளடக்கம் தெரியாது போயினும், யார் எங்கே சென்றார் என்பது பல வேளைகளில் தெரியவரும். ஒழுக்கத்தின் பொருட்டு மாணவர் ஒவ்வொருவரும் எங்கே செல்கின்றனர் என்று பார்த்துவைத்தால் என்ன என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டார். கூடாது என்பதே என் விடை. விடுதியிலிருந்து ஒருவன் வீட்டுக்கு எழுதுகின்றான். ஒருவன் எவரிடமும் சொல்ல நாணும் நோய்க்கு மருந்து தேடுகின்றான். ஒருவன் வேறு பாடசாலைக்குப் போகலாமா என்று யோசிக்கின்றான். அதிபரும் ஆசிரியரும் அறியத் தகாதவை அவை. சிறுவர்க்கு ஒவ்வாத தளங்களை அடைப்பதற்கு வேறு வழிகள் உள. அதற்காக ஒவ்வொருவன் தோளின் மேலும் ஒரு கண்ணை ஏற்றிவைக்க வேண்டியதில்லை. கல்லூரியின் இணைப்பை அளப்போம் என்று தொடங்கி மாணவரை அளக்கத் தொடங்கிவிட்டால், அன்றே அத்திட்டத்தை எதிர்ப்பவருள் நானும் ஒருவனாவேன்.

செய்யவேண்டியது மிகுதியன்று. உயர்தர வகுப்பு மாணவர் மூவரிடம் பொறுப்பை ஒப்படைத்து, கணினி ஆசிரியர் மேற்பார்வை செய்யட்டும். வரைபை அதிபரின் அறையிற் பூட்டிவையாது, நூலக வாயிலில் ஒரு திரையில் எல்லாரும் காண வைக்கட்டும். அலுவலகம், கணினிக் கூடம், விடுதி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரைபு வேண்டும். இல்லையேல் பழைய வழக்கே தொடரும். பரீட்சைக் காலத்தையும் விடுமுறையையும் தவிர்த்து எடுத்த எண்களோடு, இணைப்பு வழங்கும் நிறுவனத்தார் எழுத்திலே தந்த வேகத்தையும் ஒப்பிட்டு, தவணை இறுதியில் பழைய மாணவர் சங்கத்தின் முன் வைப்பார்களாக. பாடவேளைகளில் இணைப்பு உண்மையாகவே நிறைந்து வழிகின்றது என்று அக்கணக்குக் காட்டுமாயின், கையெழுத்துப் பட்டியலில் முதற் பெயர் என்னுடையதாக இருக்கும். அதுவரை அந்நிதி வங்கியிலேயே கிடக்கட்டும்.