புலிக்கு ஒரு தாவல் போதும்



போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வராண்டாவில் நடந்த சண்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். “ஆடுபுலி ஆட்டத்துக்கா இவ்வளவு கத்தல்?” என்று சிரித்தவர்களும் உண்டு. கல்லை எல்லாம் நான் கலைத்துவிட்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்ட கேள்வி தப்பில்லை. புலி ஒரே முறையில் இரண்டு தாவு தாவலாமா?

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாக்பீஸில் ஒரு முக்கோணம் போட்டு, உச்சியிலிருந்து கோடுகள் இறக்கி, குறுக்கே ஒரு கட்டம் போடணும். கோடுகள் சேரும் இடம் மொத்தம் 23. புலி 3, ஆடு 15. நாங்கள் புலிக்குக் கூழாங்கல்லும் ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் வைப்போம். ஆட்டை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி மட்டும் அப்போதே நகரலாம், வெட்டலாம். ஆட்டை வெட்டணும் என்றால் நேர்கோட்டில் அதைத் தாண்டி அடுத்த இடத்தில் போய் நிற்கணும். அந்த இடம் காலியாக இருக்கணும். ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் ஒன்றும் பண்ண முடியாது. ஆட்டுக்குப் பல்லும் கிடையாது, தாவலும் கிடையாது. அதுக்கு இருக்கிற ஒரே பலம் துணைக்கு நிற்பதுதான்.

அன்றைக்கு நான் பதிமூன்று ஆடு இறக்கியிருந்தேன், ஒன்றுகூடப் போகவில்லை. என் தோழி புலியைத் தூக்கி ஒன்றைத் தாண்டினாள். வைத்த கையை எடுக்காமலே அப்படியே திரும்பி இன்னொன்றையும் தாண்டிவிட்டாள். “எங்க ஊர்ல இப்படித்தான்” என்றாள். எங்க ஆயா சொல்லிக்கொடுத்ததில் ஒரு தடவைக்கு ஒரு தாவல்தான். அவள் ஊர் ஆட்டம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, ஊருக்கு ஊர் மாறும். ஆனால் எது நியாயம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாமே?

15-ம் 3-ம் 18. மீதி காலி இடம் 5-தான். அந்த அஞ்சு இடத்துக்குள்ளே புலியை அடைக்கிறதுதான் ஆட்டுக்காரரின் வேலை. ஒரு ஆடு போனால் காலி இடம் 6 ஆகும். அடுத்து என் முறை வரும்போது பக்கத்து ஆட்டை நகர்த்தி ஓட்டையை அடைத்துவிடலாம். இரண்டு தாவலில் காலி இடம் 7 ஆகிவிடும், நடுவில் அடைக்க எனக்கு முறையே வராது. வீட்டில் என் தம்பியோடு இரண்டு தாவல் வைத்து நாலு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். மூன்றில் புலிதான் ஜெயித்தது. (நாலாவதில் அவன் தூங்கி வழிந்தான்.)

“செக்கர்ஸில் வரிசையாகத் தாவலாமே” என்று ஒரு அண்ணன் கேட்டார். உண்மைதான். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் தாவும். இங்கே தாவுவது புலி மட்டும்.

செஸ்ஸைப் பாருங்கள். நம்ம நாட்டுப் பழைய சதுரங்கத்தில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். பிறகு ஐரோப்பாவில், ஆட்டம் வேகமாக நடக்கட்டும் என்று முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் கொடுத்தார்கள். அப்போது எதிரிக் காலாளிடம் சிக்காமல் ஓடிப் பக்கத்தில் போய் நின்றுவிட முடிந்தது. அதனால் ஒரு கட்டம்தான் நகர்ந்தது மாதிரி நினைத்து, உடனே அடுத்த முறையிலேயே அதை வெட்டலாம் என்று இன்னொரு விதியும் வந்தது. அதன் பெயர் ஆன்பசான். ஒரு பக்கத்துக்கு வேகம் கொடுத்தால் மறுபக்கத்துக்கும் ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள். புலிக்கு இரண்டு தாவல் வேணுமா? சரி, அப்போ ஆட்டையும் அடுத்த முறை இரண்டு நகர்த்த விடுங்கள். அதற்கு என் தோழி ஒத்துக்கொள்ளவில்லை!

2022-ல் நம்ம மாமல்லபுரத்தில், பூஞ்சேரியில், 44-வது செஸ் ஒலிம்பியாட் ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்ததே, நினைவிருக்கிறதா? வேட்டி கட்டின குதிரை ‘தம்பி’யை யாரும் மறந்திருக்க முடியாது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தார்கள். பெண்கள் பிரிவில் நம்ம இந்திய அணிக்கு வெண்கலம் கிடைத்தது. அத்தனை நாட்டுக்காரர்களும் ‘எங்க ஊர்ல இப்படித்தான்’ என்று ஆரம்பித்திருந்தால் ஒரு ஆட்டம்கூட முடிந்திருக்காது. எல்லாருக்கும் ஒரே விதி, அதுவும் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே.

அங்கே தொட்ட காயைத்தான் நகர்த்தணும் என்பதும் விதி. இதையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். கல்லைத் தூக்கி நாலு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது நம்ம வராண்டாவில் ரொம்ப அதிகம். (நானும் செய்வேன். விதி வந்தால் விட்டுவிடுகிறேன்.)

என் தோழி நாலு நாளாக என்னோடு பேசவில்லை. இந்தப் பக்கத்தை அவள் கண்டிப்பாகப் படிப்பாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் கோடு போட்டு வைக்கிறேன். புலி அவளுக்கே. ஒரு தாவல்தான்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி