பேரு கம்பெனிக்கு... பில்லு நமக்கு!

ஆவடி, அம்பத்தூர்ல இருந்து தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல இடிபட்டு காலேஜ் போறீங்களா? அப்போ காலரைத் தூக்கி விட்டுக்கோங்க. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையில்தான் போய்க்கிட்டு இருக்கீங்க!

1856 ஜூலை 1. ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரைக்கும், சுமார் 100 கி.மீ. தூரத்துக்கு ரயில் ஓட ஆரம்பிச்சது. ஓட்டியது, 'மெட்ராஸ் ரயில்வே கம்பெனி'. பேரைக் கேட்டா நம்ம ஊர் கம்பெனி மாதிரி இருக்குல்ல? அங்கேதான் ட்விஸ்ட். பேரு மெட்ராஸ், முதலாளிங்க லண்டன்!

எம்.பி.ஏ. கனவுல இருக்கிறவங்க கொஞ்சம் கவனிங்க. நிலம் ஃப்ரீ. போட்ட முதலுக்கு வருஷா வருஷம் சுமார் 5 சதவீதம் கேரண்டி. வருமானம் குறைஞ்சா மீதியை அரசாங்கம் கொடுக்கும். அரசாங்கத்துக்கு ஏது காசு? நம்ம கொள்ளுத்தாத்தாக்கள் கட்டின வரிதான் பாஸ்! ட்ரெயினை எட்டிக்கூட பார்க்காத விவசாயியும் இதுக்குப் பணம் கட்டியிருக்கார்.

அப்புறம் போர்டு மாற ஆரம்பிச்சது. 1908-ல் 'மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே'. சென்ட்ரல் பக்கத்துல கம்பீரமா நிக்குதே தெற்கு ரயில்வே தலைமை அலுவலகம், அது இந்தக் கம்பெனி 1922-ல் திறந்த ஆபீஸ்தான். 1944-ல் கம்பெனியை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. 1951 ஏப்ரல் 14-ல் இதோட சவுத் இண்டியன் ரயில்வே, மைசூர் ரயில்வே ரெண்டையும் சேர்த்து 'தெற்கு ரயில்வே' ஆக்கினாங்க.

பழைய பிராண்ட் சுத்தமா அழிஞ்சிடுச்சான்னு கேட்டா, அதுதான் இல்லை. மெட்ராஸ் சென்ட்ரல் சென்னை சென்ட்ரல் ஆச்சு, 2019-ல் எம்.ஜி.ஆர். பேரும் வந்தாச்சு. டிக்கெட்ல இருக்கிற ஸ்டேஷன் கோட் மட்டும் இன்னமும் 'எம்.ஏ.எஸ்.'தான். மெட்ராஸ் அங்கே பத்திரமா உட்கார்ந்திருக்கு!

கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷன்ல, 'ரயில்வேயில் தனியார் வரலாமா?'ன்னு ஒரு டாபிக் கண்டிப்பா வரும். 'வரணும்', 'கூடாது'ன்னு ஆளாளுக்குக் கத்துவாங்க. நீங்க டேபிளைத் தட்டாம ஒண்ணே ஒண்ணு கேளுங்க: ''லாபம் வந்தா யாருக்கு, நஷ்டம் வந்தா யார் தலையில?'' அந்த அக்ரிமென்ட்டைப் படிச்சாதான் கம்பெனி யாரோடதுன்னு தெரியும். போர்டைப் படிச்சா தெரியாது.

ஓகே... அடுத்த வாரம் மீட் பண்ணுவோமா?