சுவருக்கும் வாயுண்டு

சுவருக்கும் காதுண்டு என்பது நம்மவர் வழக்கு. நம் உடற்கலங்களைச் சுவர்போற் சூழ்ந்து நிற்கும் மென்சவ்வுக்கோ காதுடன் வாயும் உண்டு. பொசுபோலிப்பிட்டு என்னும் கொழுப்புப் பொருள் இரு படையாய் அடுக்கப்பெற்றது அச்சவ்வு. அக்கொழுப்பு வெறுங் காவலே என நெடுங்காலம் கருதி வந்தனர்.

1953ஆம் ஆண்டில் லோவெல் ஹோக்கின், மேபல் ஹோக்கின் என்னுந் தம்பதியர் புறாவின் சதையியைச் சீவல்களாக்கி, கதிர்வீசும் பொசுபரசு சேர்ந்த கரைசலிலிட்டு ஆராய்ந்தனர். நரம்பின் தூதுப்பொருளாகிய அசற்றைல்கோலினைச் சேர்த்தலும் சமிபாட்டு நொதியங்கள் சுரந்தன. அவ்வேளை கருவமிலத்திற் பொசுபரசு ஏறுமா என்பதே அவர்கள் தேடியது. விரைந்து ஏறியதோ கொழுப்பில்! காவல் நிற்கும் சுவர் தன்னைப் புதுப்பிப்பானேன்?

முழுவிடை கிடைக்க முப்பது ஆண்டுகள் சென்றன. 1983இல் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷூல்ஸ் ஆகிய நால்வர் சதையிக் கலங்களிலேயே அதனைக் கண்டனர். வெளியே தூது வந்ததும், சவ்வின் உட்புறத்துள்ள கொழுப்பொன்று இரண்டாகப் பிளக்கின்றது. ஒரு கூறு உள்ளே சென்று, கலத்தினுள் அடைபட்டிருக்கும் கல்சியத்தைத் திறந்துவிடுகின்றது. கல்சியம் பெருகவே சுரப்பு நிகழ்கின்றது. மற்றைய கூறு சவ்விலே நின்று வேறொரு நொதியத்தை ஏவுகின்றது. பிளந்த கொழுப்பு மீண்டும் ஆக்கப்படும்போதே பொசுபரசு ஏறுகின்றது.

செய்முறை வகுப்பில் எதிர்பாராத பெறுபேறு வந்தவிடத்து, அதனை அழித்துவிட்டு நூலிலுள்ள விடையை எழுதும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். மாணவர்களே, அழிக்காதீர்கள், திகதியிட்டுக் குறித்து வையுங்கள். ஹோக்கின் தம்பதியர் செய்தது அதுவே.