குப்பித் தோட்டத்தில் பாசி ஏன் அழுகுகிறது?

கேள்வி: ‘‘என் மகள் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். கண்ணாடிக் குப்பிக்குள் பாசியும் பெரணிச் செடியும் வைத்து ‘டெர்ரேரியம்’ செய்து விற்கலாம் என்று மகளிர் குழுவில் 15,000 ரூபாய் கடன் எடுத்தோம். முதலில் செய்த 12 குப்பிகளில் 9 குப்பிகள் இருபது நாளில் பழுத்து நாற்றம் எடுத்துவிட்டன. மதில் சுவரில் இருந்தும் ஓட்டுக்கூரையில் இருந்தும் பாசி எடுத்தோம். கிணற்றுச் சுவரில் எடுத்த பாசி வைத்த மூன்று மட்டும் பச்சையாக நிற்கின்றன. செம்மண்ணில் சாணி உரம் கலந்து, தினமும் தண்ணீர் தெளித்து, வெயில் படும் ஜன்னலில் வைத்தோம். பால்வெட்டுக்குப் போகும் என் கணவர், ‘காட்டுப் பாசி என்றால் சாகாது, மலையில் இருந்து எடுத்து வருகிறேன்’ என்கிறார். எடுக்கலாமா?’’
- ஒரு வாசகி, தக்கலை.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நம் மாவட்டத்து மலைக்காடுகளில் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் இருந்து அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூட எடுக்கக் கூடாது. 1927-ம் ஆண்டு இந்திய வனச் சட்டம் காட்டு விளைபொருள் எவை என்று சொல்லும் இடத்தில் புல், கொடியோடு சேர்த்து பாசியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 200 ரூபாய் பாசிக்காக உங்கள் கணவர் வழக்கில் சிக்கினால், பால்வெட்டு வருமானமும் போய்விடும். சட்டத்தை விடுங்கள், மலையின் குளிரில் வளர்ந்த பாசி தக்கலைச் சூட்டில் குப்பிக்குள் தாங்குவதும் கஷ்டம். பத்மநாபபுரம் அரண்மனைப் பக்கம் பழைய சுவர்களில் நல்ல பாசி இருக்கிறதே என்றும் சிலர் யோசிப்பார்கள். அங்கேயும் கை வைக்க வேண்டாம்.

காட்டுக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. கிணற்றுப் பாசி பிழைத்தது, கூரைப் பாசி செத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டிலும் மதிலிலும் இருக்கும் பாசி மழையில் நனைந்து, வெயிலில் சருகாகக் காய்ந்து, மறுபடி மழையில் பச்சை பிடிக்கும் இனம். அதற்கு நடுநடுவே காய்ச்சல் வேண்டும். எந்நேரமும் ஈரமாக மூடி வைத்தால் அழுகிவிடும். கிணற்று உறைக்குள் இருப்பது ஆண்டு முழுக்க நிழலிலும் ஈரத்திலும் வாழ்வது. மூடிய குப்பியும் அதற்கு ஒரு சின்னக் கிணறுதான்.

அடுத்தது சாணி உரம். நெல்லுக்கும் வாழைக்கும் போட்ட கை சும்மா இருக்காதுதான். ஆனால், பாசிக்கு உண்மையான வேர் கிடையாது. அடியில் இருக்கும் நூல் போன்றவை பிடித்து நிற்பதற்கு. தண்ணீரையும் சத்தையும் இலை வழியாகவே குடிக்கிறது. சாணியின் உப்பு அந்த மெல்லிய இலையைக் கருக்கும். காற்றோட்டம் இல்லாத ஈரத்தில் சாணியும் புளித்துப்போகும். உங்களுக்கு வந்த நாற்றம் அதுதான். இணையத்தில் சொல்கிறார்களே என்று பாசியை மோரில் அரைத்துப் பூசவும் வேண்டாம், பூஞ்சணம்தான் மிஞ்சும்.

மூடிய குப்பிக்குள் தண்ணீர் ஆவியாகி, கண்ணாடியில் துளியாகி, மண்ணுக்கே திரும்புகிறது. இதை உலகத்துக்குக் காட்டியவர் லண்டனில் இருந்த நத்தானியேல் வார்டு என்ற மருத்துவர். 1829-ல், ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில் பட்டது, மண்ணில் தானாக முளைத்த ஒரு பெரணியும் ஒரு புல்லும். நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்த ஊர் அது. பாட்டிலில் இருந்தவையோ தண்ணீர் ஊற்றாமலே சுமார் 4 ஆண்டுகள் வாழ்ந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து, மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித்தான் அழிந்தன.

அவர் பெயரால் ‘வார்டியன் பெட்டி’ என்று அழைக்கப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளில் அதன்பிறகு கடல் கடந்து செடிகள் போயின. உங்கள் கணவர் தினமும் வெட்டுகிற ரப்பருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1876-ல் பிரேசிலில் இருந்து ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகளில் சுமார் 1,900 கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அந்தக் கன்றுகள்தான் முக்கியமான தொடக்கம். நம் பகுதி அன்று திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1902-ல் பெரியாற்றங்கரையின் தட்டேக்காட்டில் ரப்பர் தோட்டம் போட்டார்கள். மாதக்கணக்கான கப்பல் பயணத்தைத் தாங்கிய முறைக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கத் தேவையே இல்லை.

சரி, குப்பியை எப்படி நிரப்புவது? அகன்ற வாய் உள்ள மிட்டாய் பாட்டிலே போதும். அடியில் உடைத்த ஓட்டுத் துண்டு ஓர் அங்குலம். அதன்மேல் கழுவிய சிரட்டைக் கரி அரை அங்குலம். மண் கீழே இறங்காமல் இருக்க, ஒரு துண்டு தென்னம் பன்னாடை. மேலே இரண்டு அங்குலத்துக்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கும் மணல் ஒரு பங்கும் கலந்து போடுங்கள். நார்க்கழிவை மூன்று தண்ணீர் மாற்றி அலச வேண்டும், இல்லாவிட்டால் உப்பு நிற்கும். பெரணி ஒன்று போதும். கிணற்றுச் சுவரில் கறுப்புக் காம்போடு இருக்கும் சிறிய இலைப் பெரணி பொருத்தமானது. மரத்திலும் வரப்பிலும் ஏறும் பெரிய பெரணி இரண்டு மாதத்தில் மூடியைத் தள்ளும். பாசியை மண்ணில் நன்றாக அழுத்திப் பதியுங்கள்.

தண்ணீர், மழைத் தண்ணீராக இருக்கட்டும். உப்புள்ள போர் தண்ணீர் பாசி நுனியில் வெள்ளை படிய வைக்கும். நமக்கு இரண்டு பருவமழை கிடைக்கிறது, ஒரு குடம் பிடித்து மூடி வைத்தால் போதும். மூன்று லிட்டர் குப்பிக்கு முதல் நாள் அரை டம்ளர். பிறகு கண்ணாடியைப் பாருங்கள். காலையில் பனி பிடித்து மதியத்துக்குள் தெளிந்தால் சரியாக இருக்கிறது. நாள் முழுக்கத் துளி வழிந்தால், ஒரு பகல் மூடியைத் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நாள் பனியே பிடிக்காவிட்டால் இரண்டு ஸ்பூன் தண்ணீர். திறந்த வாய்க் குப்பியில் அடியில் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

வெயில் படவே கூடாது. நேர் வெயிலில் மூடிய கண்ணாடி, பூட்டி நிறுத்திய கார் மாதிரி சூடேறும், ஒரு மணி நேரத்தில் பாசி வெந்துவிடும். வடக்கு ஜன்னல் பக்கம், புத்தகம் வாசிக்கிற அளவு வெளிச்சம் போதும். சித்திரை, வைகாசியில் தரையில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பாசிக்கு வீட்டிலேயே நாற்றங்கால் போடலாம். கிணற்றடி நிழலில் பழைய செங்கல்லை அடுக்கி, கிணற்றுப் பாசியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்து அதன்மேல் அழுத்தி, ஈரம் காயாமல் பாருங்கள். சோப்புத் தண்ணீர் படக் கூடாது. மழைக்காலத்தில் தொடங்குவது நல்லது. சுவரில் இருந்தும் மொத்தமாகச் சுரண்டாமல் உள்ளங்கை அளவு எடுத்தால், அங்கே மறுபடி மூடிவிடும்.

கடன் விஷயம். மீதிப் பணத்தில் இப்போது கண்ணாடி வாங்கிக் குவிக்காதீர்கள். பிழைத்த மூன்றையும் அப்படியே வைத்து, புதிதாக ஆறு மட்டும் செய்யுங்கள். 40 நாள் உங்கள் வீட்டில் பச்சையாக நின்ற குப்பியை மட்டும் விற்பனைக்குக் கொடுங்கள். வாங்கிப் போனவர் வீட்டில் பத்து நாளில் அழுகினால் அடுத்த ஆள் வர மாட்டார். நாகர்கோவில் பக்கம் செடி விற்கும் நர்சரிகளில் இரண்டு குப்பி கொடுத்துக் கேட்பாருண்டா என்று பார்த்த பிறகு அடுத்த செலவைச் செய்யலாம். இது மாதச் சம்பளம் தரும் தொழில் என்று நான் நினைக்கவில்லை. கையில் வேறு வருமானம் இருக்கும்போது கூடச் செய்யலாம்.

கேள்வி: ‘‘கண்ணாடிக் குப்பியைத் திறந்தால் எள்ளைவிடச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் துள்ளுகின்றன. வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?’’
- ஒரு வாசகர், திருவட்டார்.

பதில்: தெளிக்க வேண்டாம். அவை ஈர மண்ணில் வாழும் துள்ளுப் பூச்சிகள். பூஞ்சணத்தையும் அழுகிய இலையையும் தின்னும், செடியைத் தொடாது. எண்ணெய் தெளித்தால் பாசிதான் முதலில் கறுக்கும். எண்ணிக்கை மிக அதிகமாகத் தெரிந்தால் உள்ளே ஏதோ அழுகுகிறது என்று அர்த்தம். பழுத்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, ஒரு நாள் மூடியைத் திறந்து வையுங்கள்.