காண்டலும் பார்த்தலும்

காண்டல், பார்த்தல் என்னும் இரண்டும் கண்ணின் தொழிலையே குறிக்கும் ஒருபொருட் சொற்கள் என்றும், ஆகவே மெய்கண்டார் என்னுந் திருப்பெயர்க்கு மெய்ந்நூல்களைப் பார்த்து ஆராய்ந்தவர் என்பதே பொருள் என்றும் ஒருசாரார் உரைக்கின்றனர். இது சொல்லியல்பும் சித்தாந்த மரபும் உணராதார் கூற்றாம்.

முதற்கண் உலக வழக்கை நோக்குக. பொருளை இழந்தவன், "தேடிப் பார்த்தேன், காணோம்" என்கின்றான். பார்த்தல் நிகழ்ந்தது; காண்டல் நிகழ்ந்திலது. இரண்டும் ஒன்றாயின் இவ்வுரை பித்தர் உரையாய் முடியும். தொலைந்தது "காணாமற் போயிற்று" எனப்படுமேயன்றிப் "பாராமற் போயிற்று" எனப்படாது. செய்து பார்த்தான், கேட்டுப் பார்த்தான் என்புழிப் பார்த்தல் முயற்சியளவில் நிற்கின்றது. பயன் கண்டான், முடிவு கண்டான் என்புழிக் காண்டல் பேற்றைக் குறிக்கின்றது. அன்றியும், கண்மூடித் துயில்வோன் கனாக் காண்கின்றான். கனாப் பார்த்தான் என்பாரிலர். ஆகலின் காண்டல் கண்ணளவில் அடங்குவதன்று.

அற்றேல், ஒன்றன் இடத்து மற்றொன்றும் வழங்கக் காண்கின்றோமே எனின், அம்மயக்கம் வேற்றுமையின்மைக்குச் சான்றாகாது. ஊர் சிரித்தது என்பதனால் ஊரும் ஊராரும் ஒன்றாவரோ?

இனிச் சாத்திர வழக்கு. சிவஞான சித்தியார் காண்டலளவையை வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என நான்காக வகுத்தது. இவற்றுட் கண் முதலிய பொறிவழி நிகழ்வது முதலாவது ஒன்றே. ஏனை மூன்றினும் கண்ணுக்கு யாது தொழில்? மேலும், உயிர் நின்று காட்டினாலன்றிக் கண் காணாது. இறைவன் நின்று காட்டினாலன்றி உயிர் அறியாது. இவ்வுதவியைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாக வைத்து விளக்குவர் சித்தாந்திகள். பார்ப்பது உயிரின் முயற்சி. காண்பது திருவருளாற் பெறும் பேறு. இவ்வேற்றுமையை அழிப்பின், அருளின்றியே உயிர் மெய்யுணரும் என்பது பட்டுச் சித்தாந்தம் வேரோடு சாயும்.

சந்தான வரலாறும் இதனையே நாட்டும். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர்க்கு மகனாய்த் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த சுவேதவனப்பெருமாள், பரஞ்சோதி முனிவர் அருளால் மெய்கண்டார் ஆயது குழவிப் பருவத்தில் என்பது மரபு. நூல்களைப் பார்த்து முடித்தற்கு அக்குழவிக்குக் காலம் ஏது? ஆகமம் அனைத்தும் பார்த்தவர் சகலாகம பண்டிதர் அன்றோ! ஆணவத்தின் வடிவு யாதென அவர் வினவ, மெய்கண்டார் அவரையே சுட்டிக் காட்டினர். காட்டிய பின்னரே பண்டிதர் கண்டார். அருணந்தி சிவாசாரியர் ஆயினார்.

மங்களூர், திட்டக்குடி, விருத்தாசலம் முதலிய ஊர்களில் வாழும் அன்பர்க்குப் பெண்ணாகடம் அயலூர். மெய்கண்டார் தோன்றிய நாட்டிலுள்ளாரே இப்பிழையுரைக்கு இடங்கொடுப்பரேல், ஏனையோரை நொந்து பயனென்னை? திருத்தூங்கானைமாடத்துச் சந்நிதியில் நின்று பார்த்து மீள்வதோடு அமையாது, இறைவன் காட்டக் காண்டற்கு உரியராதலே சைவ நன்மக்கள் கடனாம்.